ஷெர்லி டெம்பிளும் திறந்த பிரைமரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷெர்லி டெம்பிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் ‘பிரைமரி’ என்ற முதல் கட்டத் தேர்தலில் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற பேச்சு வந்தாலும் அதே கதைதான். இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு. 1967 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் இடைத்தேர்தல். அதில் ஷெர்லி நின்றார், இரண்டாவதாக வந்தார், இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அவரைவிடக் குறைவாக வாங்கியவர் போனார்! இதைச் சொன்னதும் வரிசையாகக் கேள்விகள் வரும். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

ஷெர்லி டெம்பிள் என்றால் அந்தச் சுருட்டை முடிக் குழந்தைதானே?

அவரேதான். 1928 ஏப்ரல் 23 அன்று சாண்டா மோனிகாவில் பிறந்தவர். 1935 முதல் 1938 வரை நான்கு வருடம் தொடர்ந்து அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம். கிளார்க் கேபிள் போன்ற பெரிய நாயகர்கள் எல்லாம் அந்த ஆண்டுகளில் இவருக்குப் பின்னால்தான் நின்றார்கள். குழந்தைகளுக்கென்று சிறப்பு ஆஸ்கர் ஒன்றை ஏற்படுத்தி, 1935இல் முதன்முதலாக இவரிடம் கொடுத்தார்கள். அப்போது வயது ஆறு. அம்மா தினமும் தலையில் எண்ணி 56 சுருள் போட்டுவிடுவாராம்.

நம் பக்கமும் அந்த அலை வந்தது. 1937இல் கே. சுப்ரமண்யத்தின் ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றுதான் பத்திரிகைகள் கொண்டாடின. அந்தக் காலத்தில் பிறந்த பெண் குழந்தைகள் பலருக்குச் சரோஜா என்று பெயர் வைத்ததற்கு அந்தப் படம் ஒரு காரணம் என்பார்கள்.

குழந்தை நட்சத்திரம் என்றால் அழகாகச் சிரித்துவிட்டுப் போவதுதானே, இவரிடம் அப்படி என்ன இருக்கிறது?

1935இல் வந்த ‘தி லிட்டில் கர்னல்’ படத்தின் படிக்கட்டு நடனத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பில் ராபின்சன் என்ற கறுப்பின நடனக் கலைஞர், ‘டாப்’ நடனத்தில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை, அறுபதை நெருங்கும் வயது. அவர் படியில் ஏறிக்கொண்டே காலால் தாளம் தட்டுவார். குழந்தை கீழே நின்று பார்க்கும். பிறகு கையை நீட்டுவார், அது பிடித்துக்கொள்ளும். இருவரும் ஒவ்வொரு படியாக ஏறுவார்கள்.

அவளுடைய முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். படியின் முன்பக்கத்தில் காலின் நுனியால் தட்ட வேண்டிய இடத்தில் சரியாகத் தட்டுகிறாள். தாளம் தப்பவில்லை. பெரியவரைப் பார்த்துப் பார்த்து ஆடவும் இல்லை, அவள் பாட்டுக்கு ஆடுகிறாள். இதைக் கொஞ்சலில் சாதிக்க முடியாது, உழைத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைக் குழந்தையும் கறுப்பு மனிதரும் கைகோத்து ஆடியது ஹாலிவுட்டில் அதுவரை நடக்காத காரியம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டுக் காட்டினார்கள். இருவரும் சேர்ந்து நான்கு படங்களில் நடித்தார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஸ்டூடியோ இவர் வயதில் ஒன்றைக் குறைத்தே சொல்லிவந்தது. தனக்குப் பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த பிறந்தநாளில்தான் உண்மையில் பதின்மூன்று என்று அவருக்கே தெரிந்தது. 32 லட்சம் டாலர் சம்பாதித்தவருக்குப் பெரியவளானதும் மிச்சமிருந்தது 44,000 டாலர். தன் வாழ்க்கைக் கதையில் இதையெல்லாம் புலம்பாமல் எழுதியிருக்கிறார். அந்தக் குணம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

1950இல் சினிமாவை விட்டார். அதே வருடம் சார்லஸ் பிளாக்கை மணந்து ஷெர்லி டெம்பிள் பிளாக் ஆனார். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, சான் மட்டேயோ கவுண்டியில் குடும்பம். குடியரசுக் கட்சிக்காரர். 1966இல் சான் பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவில் ஒரு ஸ்வீடன் படத்தைத் திரையிட்டதை ஆபாசம் என்று கண்டித்து விழாக் குழுப் பொறுப்பை உதறினார். ஊர் அவரைப் பேச்சாளராகக் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

1967இல் அந்தப் பகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர் ஜே. ஆர்தர் யங்கர் இறந்துபோனார். 11ஆம் தொகுதி காலி. ஷெர்லி களத்தில் இறங்கினார்.

அந்த நேரத்துக் கலிஃபோர்னியாவை நினைத்துப் பாருங்கள். ‘லிட்டில் மிஸ் பிராட்வே’யில் (1938) இவரோடு ஆடிய ஜார்ஜ் மர்ஃபி, 1964லேயே செனட்டர் ஆகிவிட்டார். 1947இல் இவருக்கு ஜோடியாக நடித்த ரொனால்டு ரீகன், 1966 தேர்தலில் ஜெயித்து ஆளுநர் நாற்காலியில் இருக்கிறார். கூட நடித்த இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள், அவர்களைவிடப் பெரிய நட்சத்திரம் இவர். வெற்றி உறுதி என்றுதான் பலரும் எண்ணினார்கள்.

எதிர்த்து நின்றது யார்?

பலர் நின்றார்கள். முக்கியமானவர் பீட் மெக்ளோஸ்கி. இவரும் குடியரசுக் கட்சிதான். கொரியப் போரில் மரைன் படையில் சண்டையிட்டு ‘நேவி கிராஸ்’ பதக்கம் வாங்கியவர், வழக்கறிஞர். வியட்நாம் போரை நிறுத்து என்றார். ஷெர்லியோ போரை இன்னும் தீவிரமாக நடத்து என்ற அணி. போரில் அடிபட்டு வந்தவர் போர் வேண்டாம் என்கிறார், போர்க்களமே பார்க்காத நடிகை வேண்டும் என்கிறார். இந்த முரணை எதிரணி விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இன்னொரு தொல்லை அவருடைய பழைய முகம். நாற்பதை நெருங்கும் பெண் வரிவிதிப்பைப் பற்றிப் பேசினால், கேட்பவர்கள் மனசில் ஆறு வயதுக் குழந்தை பாடிக்கொண்டிருக்கிறது. குட்டி ஷெர்லி போட்டியிடவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ரீகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் திரையிலும் வளர்ந்த ஆளாகவே இருந்தவர், நடிகர் சங்கத் தலைவராகப் பல வருடம் கூட்டம் நடத்திப் பழகியவர்.

அந்தத் தேர்தல் விதிதான் என்ன? இரண்டாவது வந்தவர் எப்படி வெளியே?

இதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் பகுதி.

கலிஃபோர்னியாவில் அப்போது வழக்கமான பிரைமரி ‘மூடியது’. குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர் அந்தக் கட்சியின் வேட்பாளரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இடைத்தேர்தலுக்கு மட்டும் வேறு விதி. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில் இருப்பார்கள். யாரும் யாருக்கும் போடலாம். ஒருவர் பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் அதோடு முடிந்தது. இல்லையென்றால் *ஒவ்வொரு கட்சியிலும்* முதலில் வந்தவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள்.

1967 நவம்பர் 14. சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். மெக்ளோஸ்கிக்கு 52,000க்கும் மேல், அதாவது 34 சதவீதம். ஷெர்லிக்கு 34,500 சொச்சம், 22 சதவீதம். ஜனநாயகக் கட்சியின் ராய் ஆர்ச்சிபால்டுக்கு 15,000 சொச்சம், 10 சதவீதத்துக்கும் குறைவு. பாதியை யாரும் தொடவில்லை. குடியரசுக் கட்சியில் முதலிடம் மெக்ளோஸ்கி, ஜனநாயகக் கட்சியில் ஆர்ச்சிபால்டு. ஆர்ச்சிபால்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கிய ஷெர்லி வீட்டுக்குப் போனார்.

டிசம்பர் 12 இறுதிச் சுற்றில் மெக்ளோஸ்கி சுலபமாக ஜெயித்தார். சீட்டில் பெயரே இல்லாத ஷெர்லிக்கு 832 பேர் தங்கள் கையாலேயே பெயரை எழுதிப் போட்டார்கள். நான் அங்கே இருந்திருந்தால் 833. போர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது, ஆனாலும்.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து அவரைத் தோற்கடித்தார்கள் என்கிறார்களே?

மெக்ளோஸ்கிக்கு எதிர்க்கட்சி வாக்குகளும் விழுந்தன என்பது பரவலாகச் சொல்லப்படுவது. நம்பவும் முடிகிறது. போரை வெறுத்த ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர், ஜெயிக்க வாய்ப்புள்ள போர் எதிர்ப்பாளர் குடியரசுக் கட்சியில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்குப் போடத்தானே செய்வார்? கதவு திறந்திருக்கிறது, நுழைந்திருக்கிறார். அதைச் சதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தொகுதிக்குப் பிரதிநிதி ஆகப்போகிறவர் அவருக்கும் சேர்த்துத்தானே பிரதிநிதி.

அப்படியானால் திறந்த பிரைமரி என்பது இதுதானா?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. திறந்த பிரைமரியில் கட்சிகளுக்குத் தனித்தனித் தேர்வு உண்டு. எந்தக் கட்சியின் தேர்வில் வாக்களிப்பது என்பதை வாக்காளர் அன்றைக்கு முடிவு செய்துகொள்வார், எந்தக் கட்சியிலும் முன்கூட்டிப் பதிவு செய்திருக்க வேண்டாம். டெக்சஸ், ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் எல்லாம் இந்த ரகம். டெக்சஸில் கட்சிப் பதிவு என்பதே கிடையாது. ஆனால் ஒரு கட்சியின் பிரைமரியில் வாக்களித்துவிட்டு, அதற்கு இரண்டாம் சுற்று வந்தால் அடுத்த கட்சிக்குத் தாவ முடியாது.

ஷெர்லி நின்றது எல்லாரும் ஒரே சீட்டில் இருக்கும் முறை. இதற்கும் பல வடிவம் உண்டு. வாஷிங்டன் மாநிலம் 2008 முதலும், கலிஃபோர்னியா 2012 முதலும் பின்பற்றுவதில், கட்சி எதுவானாலும் முதல் இரண்டு பேர் நவம்பர் இறுதித் தேர்தலுக்குப் போவார்கள். அலாஸ்கா 2022 முதல் நான்கு பேரை அனுப்புகிறது. இறுதியில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி குறித்து வாக்கு. 2024இல் அதை ஒழிக்க வாக்கெடுப்பு நடந்து, சில நூறு வாக்கு வித்தியாசத்தில் முறை தப்பிப் பிழைத்தது. பேச்சு வழக்கில் இவை எல்லாவற்றையும் ‘ஓப்பன் பிரைமரி’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

இன்றைய கலிஃபோர்னியா விதி 1967இல் இருந்திருந்தால்?

ஷெர்லி இறுதிச் சுற்றில் இருந்திருப்பார். மெக்ளோஸ்கி எதிரே ஷெர்லி, நான்கு வாரம். ஒரே கட்சியின் இரண்டு பேர், வியட்நாம் பற்றி நேருக்கு நேர் எதிர்க்கருத்து. அமெரிக்காவே கவனித்திருக்கும்.

ஜெயித்திருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆர்ச்சிபால்டின் ஆட்களில் பெரும்பகுதி மெக்ளோஸ்கி பக்கம்தான் சாய்ந்திருக்கும். மூடிய பிரைமரியாக இருந்து குடியரசுக் கட்சியினர் மட்டும் வாக்களித்திருந்தால் போட்டி இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆக, கதவைத் திறந்து வைத்ததால் அவருக்குச் சிக்கல். திறந்த பிறகு ‘கட்சிக்கு ஒருவர்’ என்று ஒரு வரியைச் சேர்த்ததால் இரண்டாவது சிக்கல். பிரைமரி சீர்திருத்தம் பேசுகிறவர்கள் திறந்ததா மூடியதா என்பதிலேயே மல்லுக்கட்டுகிறார்கள். எத்தனை பேர், எந்தக் கணக்கில் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள் என்ற வரியைத்தான் நான் முதலில் படிப்பேன்.

மூடிய பிரைமரியில் சிக்கிய நடிகை யாராவது உண்டா?

சிந்தியா நிக்சன். 2018இல் நியூயார்க் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்குள் ஆண்ட்ரூ குவோமோவை எதிர்த்து நின்றார். மார்ச் 19 அன்று அறிவிப்பு, செப்டம்பர் 13 அன்று பிரைமரி. ஆனால் அந்தப் பிரைமரியில் வாக்களிக்கக் கட்சி மாற விரும்பியவர்களுக்குக் கடைசி நாள் முந்தைய வருடம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. வேட்பாளர் அறிவிப்பதற்கு ஐந்து மாதம் முன்பே! அவருக்காகவே கட்சியில் சேரலாம் என்று நினைத்த சுயேச்சை வாக்காளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். குவோமோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாங்கினார். அந்த வித்தியாசத்துக்குக் கதவு மட்டும் காரணம் என்று சொல்ல எனக்கே மனம் வரவில்லை. ஆனாலும் விதி விதிதான்.

இதே விதி 2016இல் டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவுக்கும் எரிக்குக்கும் ஆப்பு வைத்தது. காலம் தாழ்த்திவிட்டதால் அப்பாவுக்கே பிரைமரியில் வாக்களிக்க முடியவில்லை. பிறகு சட்டத்தைத் திருத்திக் கடைசி நாளைப் பிப்ரவரி 14க்குத் தள்ளினார்கள். கதவு மூடியதுதான், பூட்டும் நேரம்தான் கொஞ்சம் தள்ளிப்போனது.

திறந்த முறை இருந்தால் பிரச்சாரம் நாகரிகமாகும், எல்லாரையும் அனுசரித்துப் பேசுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

இதை நம்புகிறவர்களுக்கு நான் ஹெலன் ககேகன் டக்ளஸ் கதையைச் சொல்வது வழக்கம்.

பிராட்வே நட்சத்திரம், ஓபரா பாடகி, நடித்தது ஒரே ஒரு படம். 1944இல் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து ஜனநாயகக் கட்சி சார்பில் காங்கிரசுக்குப் போனார். விலைவாசி பற்றிப் பேச, 1947இல் மளிகைச் சாமான் கூடையையே அவைக்குள் தூக்கிக்கொண்டு வந்தவர். 1950இல் செனட் சீட்டுக்கு நின்றார். அந்தக் கால கலிஃபோர்னியாவில் விசித்திரமான வழக்கம் ஒன்று. 1913இல் கொண்டுவந்த சட்டப்படி ஒரு வேட்பாளர் தன் கட்சியின் பிரைமரியில் மட்டுமல்லாமல் எதிர்க்கட்சிப் பிரைமரியிலும் பெயர் கொடுக்கலாம். சீட்டில் அவர் எந்தக் கட்சி என்றே போட்டிருக்காது. 1946இல் ஏர்ல் வாரன் இரண்டு கட்சியின் ஆளுநர் வேட்பாளராகவும் ஜெயித்தார் என்றால் பாருங்கள்.

ஹெலனுக்கு எதிரே குடியரசுக் கட்சியில் ரிச்சர்டு நிக்சன். அவர் ஜனநாயகக் கட்சிச் சீட்டிலும் பெயர் கொடுத்தார், ஹெலனும் எதிர்ப்பக்கம் கொடுத்தார். நிக்சன் தரப்பு ஜனநாயகக் கட்சி வாக்காளர்களுக்கு, ஏதோ தங்கள் கட்சிக்காரரே எழுதியதுபோலத் துண்டறிக்கை அனுப்பியது. ‘டிரிக்கி டிக்’ (தந்திரக்கார டிக்) என்ற பட்டப்பெயர் நிக்சன் மேல் ஒட்டியது அந்தத் தேர்தலில்தான். ஹெலனுடைய சொந்தக் கட்சிப் போட்டியாளர், பத்திரிகை அதிபர் மான்செஸ்டர் பாடி, அவரைக் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று சிவப்புச் சாயம் பூசித் தாக்கினார். பிரைமரியில் ஹெலன் தன் கட்சியில் தப்பித்துக் கரையேறினார். நவம்பர் வரும்போது பாடி தயாரித்த அதே ஆயுதத்தை நிக்சன் கையில் எடுத்தார். நியூயார்க்கின் தீவிர இடதுசாரி உறுப்பினர் மார்க்கன்டோனியோவோடு ஹெலன் 354 முறை ஒரே மாதிரி வாக்களித்தார் என்று பட்டியல் போட்டு, ரோஜா நிறத் தாளில் லட்சக்கணக்கில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். நிக்சனுக்கு 59 சதவீதம்.

கதவுகளை இதைவிடத் தாராளமாகத் திறக்க முடியாது. அப்படியும் அசிங்கம் உள்ளே வந்தது. அடுத்த கட்சி வாக்காளரிடம் பேச வாய்ப்புக் கொடுத்தால் எல்லாரும் சமாதானமாகப் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது அப்பாவித்தனம். பயமுறுத்தியும் பேசலாம், வேஷம் போட்டும் பேசலாம். அந்த இரட்டைப் பதிவு முறையை 1959இல் ஒழித்தார்கள். நல்ல காரியம்.

எதிர்க்கட்சிக்காரர்கள் வேண்டுமென்றே பலவீனமான ஆளுக்குப் போட்டுவிட்டால்?

பயம் பழையது. 2008இல் வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, குடியரசுக் கட்சிக்காரர்கள் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் புகுந்து ஹிலாரி கிளின்டனுக்குப் போட்டுச் சண்டையை நீட்டுங்கள் என்று மைக்கிலேயே சொன்னார். ஒபாமாதான் வேட்பாளர் ஆனார். எதிரி வீட்டைக் குழப்புவதற்காக வரிசையில் நிற்கும் பொறுமை பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது.

எனக்கு வாக்காளரின் குறும்பைவிட வேட்பாளரின் கணக்குதான் கவலை. 2024 கலிஃபோர்னியா செனட் பிரைமரியில் ஜனநாயகக் கட்சியின் ஆடம் ஷிஃப், குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் கார்வியைத் தன் முக்கிய எதிரி என்று காட்டி விளம்பரம் போட்டார். திட்டுவதுபோல் திட்டிப் பிரபலப்படுத்துவது. பழைய பேஸ்பால் நட்சத்திரமான கார்வி, முதல் இருவரில் ஒருவராக மேலே வந்தார். ஷிஃபின் சொந்தக் கட்சியில் வலுவாக நின்ற கேட்டி போர்ட்டர் வெளியேறினார். நவம்பரில் ஷிஃப் எளிதாக ஜெயித்தார். பிரபலமாக இருப்பது சில நேரம் அடுத்தவர் வெற்றிக்கு உதவும் சரக்கு, அவ்வளவுதான்.

கட்சி வேட்பாளரைக் கட்சிக்காரர்கள்தானே தேர்ந்தெடுக்க வேண்டும்? வெளியாளுக்கு என்ன வேலை?

நியாயமான கேள்வி. சந்தா கட்டாதவருக்குச் சங்கத் தேர்தலில் ஓட்டு எதற்கு என்பதுபோல. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2000இல் இதை ஏற்றது. கலிஃபோர்னியாவில் 1996இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த முறையில், எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலும் பதவிக்குப் பதவி மாறி மாறி வாக்களிக்கலாம். கட்சிகளே சேர்ந்து வழக்குப் போட்டன. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கட்சிகள் பக்கம் தீர்ப்பு. அதே தீர்ப்பில் ஒரு வழியும் இருந்தது: முதல் சுற்று கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்காமல், வெறுமனே அடுத்த சுற்றுக்கு ஆளை வடிகட்டினால் பரவாயில்லை. முதல் இருவர் முறை அந்த வழியாகத்தான் வந்தது.

என் பதில் வேறு. பிரைமரி நடத்தும் செலவு பொதுப் பணம். வாக்குச்சாவடி, ஊழியர், சீட்டு எல்லாம் அரசாங்கம். கட்சி தன் கைக்காசில் மண்டபம் பிடித்துத் தேர்ந்தெடுத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன். எல்லாருடைய வரிப்பணத்திலும் நடத்திவிட்டு, எந்தக் கட்சியிலும் சேராதவரை வாசலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

கலிஃபோர்னியாவுக்கு முதல் இருவர் முறை எப்படி வந்தது?

அங்கும் ஒரு நடிகர் இருக்கிறார்! 2009 பிப்ரவரியில் பட்ஜெட் நிறைவேற ஓர் ஓட்டு குறைந்தது. ஏபெல் மால்டொனாடோ என்ற குடியரசுக் கட்சி மாநில செனட்டர், இந்த முறையை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டால் ஓட்டுப் போடுகிறேன் என்றார். ஆளுநர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்னெக்கர் ஆதரித்தார். 2010 ஜூனில் மக்கள் சுமார் 54 சதவீதத்தில் ஏற்றார்கள். கட்சிகள் இரண்டும் எதிர்த்தன.

அதிபர் தேர்தலுக்கும் இதே முறையா?

இல்லை. அது கட்சிகளின் ராஜ்ஜியம்.

முதல் இருவர் முறையில் ஓட்டை இல்லையா?

இருக்கிறது. 2012இல் கலிஃபோர்னியாவின் 31ஆம் தொகுதி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமானது. அந்தக் கட்சியில் நான்கு பேர் நின்று வாக்கைப் பிரித்துக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியில் இரண்டே பேர். அந்த இருவரும் முதல் இரண்டு இடத்தில் வந்துவிட்டார்கள், நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்கு ஆளே இல்லை. கூட்டம் சேர்ந்தால் தண்டனை, ஒழுங்காக ஆளைக் குறைத்தால் பரிசு. அதனால்தான் நான்கு பேரை அனுப்பும் அலாஸ்கா வழி எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. 2024இல் நெவாடா, இடாஹோ, கொலராடோ போன்ற மாநிலங்களில் இந்த மாதிரித் திட்டங்களை மக்கள் நிராகரித்தார்கள். சீட்டைப் பார்த்தால் தலை சுற்றும் என்ற பிரச்சாரம் எடுபட்டது.

நம் ஊரில் இப்படி எதுவும்?

சீட் யாருக்கு என்பது தலைமையகத்தில் முடிவாகும் ஊர் நம்முடையது. 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் சில தொகுதிகளில் மட்டும் கட்சி நிர்வாகிகளை வாக்களிக்க வைத்துப் பார்த்தது. பொதுமக்களுக்கு அதில் வேலை இல்லை.

தோற்ற பிறகு ஷெர்லி என்ன ஆனார்?

மறுபடி எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. 1968 ஆகஸ்டில், நரம்பு நோய் ஒன்றுக்கான சர்வதேச அமைப்பின் வேலையாகப் பிராக் போயிருந்தபோது சோவியத் டாங்குகள் நகருக்குள் நுழைந்தன. ஓட்டலில் மாட்டிக்கொண்டு, வெளிநாட்டவர்களின் கார் வரிசையோடு எல்லை தாண்டினார். 1969இல் ஐ.நா. பொதுச்சபைக்கு அமெரிக்கக் குழுவில் இடம். அந்த நியமனத்தைச் செய்த அதிபர், ஹெலனைத் தோற்கடித்த அதே நிக்சன். 1974இல் கானாவுக்குத் தூதர். 1989 ஆகஸ்டில் தூதராகவே பிராக் திரும்பினார். சில மாதத்தில் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது, பக்கத்திலிருந்து பார்த்தார். 2014இல் காலமானார்.

தேர்தலில் ஜெயித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று ஆறுதல் சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. தோற்றது தோற்றதுதான். அந்த 34,500 பேர் அவரை வாஷிங்டனுக்கு அனுப்ப விரும்பினார்கள், ஐ.நா.வுக்கு இல்லை.

மெக்ளோஸ்கி?

நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1983 தொடக்கம் வரை உறுப்பினராக இருந்தார். 1972இல் போரை எதிர்த்து நிக்சனுக்கு எதிராகவே அதிபர் பிரைமரியில் நின்றார். அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தில் அவர் பங்கு பெரியது. ஷெர்லி ரசிகனாக இருந்துகொண்டே அவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அந்தப் பகுதியில் இப்போது முதல் இருவர் முறை எப்படிப் போகிறது?

சான் மட்டேயோ கவுண்டியின் ஒரு பகுதியும் சாண்டா கிளாராவின் ஒரு பகுதியும் சேர்ந்தது இன்றைய 16ஆம் தொகுதி. 2024 மார்ச் பிரைமரியில் சாம் லிக்கார்டோ முதலிடம். இரண்டாமிடத்துக்கு ஈவன் லோவும் ஜோ சிமிடியனும் தலா 30,249 வாக்கு. மூவருமே ஜனநாயகக் கட்சி. சமமாக வந்தால் இருவரும் போகலாம் என்பது சட்டம், ஆகவே முதல் இருவர் முறையில் மூன்று பேர் நவம்பருக்குத் தயாரானார்கள். பிறகு மறுஎண்ணிக்கை கேட்டார்கள். எண்ணி முடித்தபோது சிமிடியன் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வெளியே. நவம்பரில் லிக்கார்டோ ஜெயித்தார்.